எல்லாருக்கும் நம்மாளு

அவர் டெலிபோனில் பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அந்த நாற்காலியில் நாலு பேர் மாறி மாறி உட்கார்ந்து எழுந்து போகிறார்கள் என்றுதான் தோன்றும். கம்பத்து டீலர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவர் அழைத்தால் இவர் "ஊட்டா ஆய்த்தா" என்பார். போடி டீலர் வீட்டில் தெலுங்கு. அவருக்கு "அன்னம் தின்னாரா". குமுளியிலிருந்து யாராவது வந்தால் "ஊணு கழிஞ்ஞோ சேட்டா". தேனி பஜார் டீலர் தமிழ் பேசும் கிறிஸ்தவர். அவரிடம் மட்டும் "ஸ்தோத்திரம்ண்ணே" என்று ஆரம்பித்து, அப்புறம் சாப்பாட்டுக்கு வருவார். எல்லோரும் சாப்பிட்டாயிற்று என்று உறுதியான பிறகுதான் பூச்சிமருந்துப் பேச்சு. எதிரே டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்த எனக்குப் பல நாள் பதினொரு மணிக்கே பசி எடுத்துவிடும்.

அது தொண்ணூறுகளின் கடைசி. மும்பைக் கம்பெனி ஒன்று தேனியில் பூச்சிமருந்து டிப்போ வைத்திருந்தது. நான் அங்கே பில் போடுகிறவள், அவர் ஏரியா ஆபீசர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என் ஊரைக் கேட்டார். மயிலாடும்பாறை என்று சொன்னதுதான் தாமதம், "அப்பறம் ஏன்த்தா அங்கன நிக்கிற, இங்கன வந்து உக்காரு" என்றார். நம் பக்கத்து ஆள் போலிருக்கிறதே என்று மனசு குளிர்ந்துபோனது. அரைமணி கழித்துக் கம்பத்திலிருந்து போன் வந்தது. குளிர்ச்சி போய்விட்டது.

அவர் டிப்போவுக்கு வருவதற்கு முன்னால், நான் சேர்வதற்கும் முன்னால், மும்பை எங்கள் பக்கத்து ஆட்களோடு பேசிய விதம் வேறு. கோதுமை வயலுக்கு நடுவே தாடியும் தலைப்பாகையுமாக ஒரு விவசாயி சிரிக்கும் போஸ்டர் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். திராட்சைக்கும் ஏலக்காய்க்கும் மருந்தடிக்கிற எங்கள் ஆட்கள் கோதுமையை ரேஷன் கடையில்தான் பார்த்திருப்பார்கள். டீலர்கள் அந்தப் போஸ்டரைத் திருப்பி ஒட்டிக் கடை வாசலில் வெயிலுக்கு மறைப்பாகத் தொங்கவிட்டார்கள். தமிழிலும் துண்டறிக்கை வரும். "பெருமதிப்பிற்குரிய நுகர்வோரே, தெளிப்பு நடவடிக்கையை உடனே மேற்கொள்வீர்" என்று இருக்கும். என் அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறதா என்று பயந்துபோய்க் கேட்டார்.

இவர் வந்ததும் போஸ்டர்களை எடைக்குப் போட்டார். மருந்தை யாரும் மருந்துக்காக வாங்குவதில்லை, சொந்தக்காரன் சொன்னால் வாங்குவார்கள் என்பது அவருடைய கட்சி. சொந்தக்காரன் ஆவதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது.

எங்கள் பக்கம் புது ஆளைப் பார்த்தால் நீ யார் என்று நேராகக் கேட்க மாட்டோம். நாகரிகம் தெரிந்தவர்கள் நாங்கள். எந்த ஊர் என்போம், ஊரில் எந்தப் பக்கம் என்போம், குலசாமி எது என்போம். மூன்றாவது பதில் வருவதற்குள் ஆள் இன்னாரென்று தெரிந்துவிடும். அவரை எங்கே உட்கார வைப்பது, டீயை எதில் கொடுப்பது என்பதும் முடிவாகிவிடும். இவரோ அந்த மூன்று கேள்விகளையும் முந்திக்கொண்டு தானே கேட்டுவிடுவார். எதிராளி தன் குலசாமி பேரைச் சொன்னதும், "அட, நம்ம சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். பொய் என்று சொல்ல முடியாது. சாமி எல்லாருக்கும் பொது என்றுதானே எல்லோரும் மேடையில் பேசுகிறோம்.

பாஷை முழுதாக வராதே என்று அவர் கவலைப்பட்டதில்லை. அப்பா வேலை பார்த்த ஊர்களில் வளர்ந்ததால் பாதிப் பேச்சு மறந்துபோயிற்று என்று வருத்தமாகச் சொல்வார். அதைக் கேட்ட போடி டீலர் உருகிப்போய், சொந்தப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் "வாடா மாப்ள" என்று கூப்பிடும் அளவுக்கு வந்தார். கம்பத்துக்காரருக்கும் இவர் மாப்பிள்ளைதான். மற்ற டீலர்களிடம் இதைக் காட்டிக்கொள்ள வேண்டாம், தள்ளுபடியில் பாரபட்சம் என்று பொறாமைப்படுவார்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவைத்திருந்தார். ஆகவே அவரவர் சொந்தக்காரரை அவரவர் ரகசியமாக வைத்துக்கொண்டார்கள்.

அவருடைய தோல்பையில் ஆர்டர் புத்தகத்தோடு ஒரு விபூதிப் பொட்டலமும், குங்குமச் சிமிழும், நல்ல வெள்ளைக் கைக்குட்டையும் இருக்கும். கைக்குட்டை, தேனி பஜாருக்குள் நுழையும்முன் நெற்றியைத் துடைக்க. ஒருநாள் அவசரத்தில் துடைக்க மறந்து பட்டையோடு போய் நின்றுவிட்டார். கிறிஸ்தவ டீலர் நெற்றியையே பார்த்திருக்கிறார். இவர் அசரவில்லை. வழியில் தலைசுற்றல் வந்ததாகவும், பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா ஒருத்தி பூசிவிட்டுவிட்டதாகவும் சொல்லி, அந்த அம்மாவுக்காக ஜெபிக்கவும் சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்து என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் காலத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விற்பனை ஏறியது. மும்பையிலிருந்து பயிற்சி அதிகாரி ஒருவர் ஸ்லைடு மெஷினோடு வந்தார். இந்தப் பள்ளத்தாக்கு ஒரு வளரும் சந்தை, பலவகைப் பண்பாடுகள் கலந்தது, இங்கே வியாபாரத் தகவல் பரிமாற்றம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இவர்தான் இந்தியாவுக்கே உதாரணம் என்று இங்கிலீஷில் பேசி ஒரு கேடயம் கொடுத்தார். ரகசியம் என்னவென்று கேட்டார். காது கொடுத்துக் கேட்பதுதான் என்று இவர் அடக்கமாகச் சொன்னார். அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

ஆனால் சொந்தக்காரன் என்றால் மருந்து வாங்குவதோடு நிற்குமா? கம்பத்துக்காரர் தன் தங்கை மகள் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். போடிக்காரர் மச்சினியின் பெண் டீச்சர் டிரெய்னிங் முடித்திருப்பதாகச் சொன்னார். பஜார்காரர் ஜாதகம் இல்லாமல், சபையில் ஒரு நல்ல பெண் இருப்பதாக மட்டும் சொன்னார். மூன்று பேருக்கும் இவர் சொன்ன பதில் ஒன்றுதான்: அம்மாவைக் கேட்கவேண்டும். சரி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அம்மா ஊரில் இருக்கிறார், வரமாட்டார் என்று ஒரு வருஷம் ஓட்டினார்.

அம்மா வந்துவிட்டார். உடம்பு முடியாமல், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், வடக்கே செஞ்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து. அல்லிநகரத்து வாடகை வீட்டில் அம்மாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுநாள் டிப்போவில் எல்லோரிடமும் சொன்னார், பக்கவாதம் வந்து அம்மாவுக்குப் பேச்சு நின்றுபோயிற்று என்று. டீலர்கள் பழக்கூடையோடு போய், படுத்திருந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அம்மாவும் கும்பிட்டாராம். வாய் திறக்கவில்லையாம்.

ஒரு மாலை மருந்துக்கடையில் அவர் வாங்கி வைத்துவிட்டு மறந்துபோன மாத்திரைகளை எடுத்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் டூரிலிருந்து வரவில்லை. கதவு திறந்திருந்தது.

"வாம்மா. நீதான ஆபீசுல கீற பொண்ணு? குந்து" என்றார் பேச்சு நின்றுபோன அம்மா. பிறகு ஒருமணி நேரம் நான் வாயைத் திறக்கவே இடம் இருக்கவில்லை. தேனித் தண்ணீர் ருசி, பக்கத்து வீட்டுச் சண்டை, மகன் சின்ன வயதில் ஆடு மேய்க்கப் போய்ப் பாடம் படித்தது எல்லாம் வந்தது. கடைசியில், "நான் ஊமன்னு சொல்லி வெச்சிக்கிறானாமே? ஏன்டான்னா வியாபாரன்றான். நான் வாயத் தொறந்தா அவன் கடைய மூடிடுவாங்களா?" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. பெற்ற தாயை ஊமையாக்கிவிட்டு என்ன வியாபாரம் வேண்டிக்கிடக்கிறது? மறுநாள் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் வழக்கம்போல ஆத்தா தாயி என்று குழையவில்லை. முதல்முறையாக அவருடைய சொந்தப் பேச்சில் பேசினார்.

"எங்கம்மா ரெண்டு வார்த்த பேசினா போதும்மா. எந்த ஊரு, எந்தத் தெருன்னு இவங்க கண்டுபுடிச்சிடுவாங்க. மொதல்ல வேல பாத்த ஊர்ல நான் உண்மைய சொன்னேன். கட படியில நிக்க வெச்சே ஆர்டர் குடுத்தாங்க. ஒரு வருசம் படியிலயே நின்னேன்."

அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. எங்கள் ஊர்களிலும் அப்படி ஒரு தெரு உண்டு. அந்தத் தெருக்காரர்களுக்கு எங்கள் வீட்டு வாசலில் எந்த இடம்வரை என்பதும் எனக்குத் தெரியும். மற்றவர்களைப்போல ஆவது இவருக்கு வியாபாரத்துக்காகப் படித்த வித்தை அல்ல, அதற்கு ரொம்ப முன்னாலேயே உயிர் பிழைக்கப் படித்தது. மும்பை அதற்குத்தான் கேடயம் கொடுத்திருந்தது.

அந்த அம்மா ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை இறந்துபோனார். ஊருக்குத் தந்தி அடித்தாயிற்று. ஆனால் வழியெல்லாம் வெள்ளம், சொந்தங்கள் அன்றைக்கு வந்துசேர முடியாது. நான் டிப்போவிலிருந்து டீலர்களுக்குப் போன் போட்டேன். மத்தியானத்துக்குள் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். வெறுங்கையோடு வரவில்லை, அங்கேதான் சிக்கல்.

பெண்பிள்ளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். அண்ணன் தம்பி முறையில் ஒருவர் துணி கொண்டுவந்து போர்த்தினால்தான் பிணத்தை எடுக்கலாம். கம்பத்து டீலர், இந்த ஊரில் அந்த அம்மாவுக்குத் தன்னைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று ஒரு கோடிச்சேலை கொண்டுவந்திருந்தார். போடி டீலரும் அதே நினைப்பில் ஒரு கோடிச்சேலை கொண்டுவந்திருந்தார். கூடவே கொட்டு மேளத்துக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தார். பஜார் டீலர் மலர்வளையம் வைத்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டச் சொல்லி பாஸ்டரிடமும் பேசிவிட்டிருந்தார். மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் போட்டியாக மருந்து விற்கிறபோதுகூட அவர்கள் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

"மாப்ள, நீங்களே சொல்லுங்க" என்றார் போடிக்காரர் கடைசியில். "நம்ம முறையில எரிக்கிறதா? இவுக பாஸ்டர வரச் சொல்லிருக்காகளாம். யாரு கோடிய மொதல்ல போடுறது?"

அவர் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தவர், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லவேண்டிய நிலைமை. இத்தனை வருஷம் சேர்த்த சந்தை முழுக்க அந்த வாசலில்தான் நின்றது. அம்மாவைப் பேசாமல் வைத்திருந்து காப்பாற்றியதும் அதைத்தான். இன்னும் ஒரு பொய் சொன்னால் ஒரு டீலராவது மிஞ்சுவார்.

அவர் எழுந்து வெளியே போனார். தெருமுனையில் கொட்டுக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவரின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். வாசல்படி வந்ததும் பெரியவர் கையை உருவிக்கொண்டு நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க மாமா. எங்கம்மாவுக்குக் கோடி நீங்கதான் போடணும்."

"நாங்க வாசலோட சரி சார்."

"சார் இல்ல மாமா. ஊரு வேற, நம்ம தெரு ஒண்ணுதான். எங்க ஜனம் யாரும் வந்து சேரல. நீங்க போட்டாத்தான் எடுப்பேன்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "எங்கம்மா ஊம இல்ல. நல்லா பேசும். நான்தான் பேசவுடாம வெச்சிருந்தேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

பெரியவரிடம் புதுத்துணி ஏது? தோளில் கிடந்த துண்டை உதறி அம்மாவின்மேல் போர்த்தினார். வாசலில் கம்பத்துக்காரரின் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் போடிக்காரரின் ஜீப்பும் கிளம்பியது. கோடிச்சேலைகள் கட்டுப் பிரிக்காமல் திண்ணைமேல் கிடந்தன. பஜார் டீலர் மட்டும் வளையத்தை ஏந்திக்கொண்டு, வைப்பதா திருப்பிக் கொண்டுபோவதா என்று தெரியாமல் கடைசிவரை நின்றார். தூக்கும் நேரத்தில் அதை என் கையில் கொடுத்துவிட்டு, வைத்துவிடும்மா என்று சொல்லிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆர்டர் நின்றுவிட்டது என்று நினைப்பீர்கள். நிற்கவில்லை. திராட்சைக்குச் சாம்பல் நோய் வந்தால் மருந்து அடித்துத்தான் ஆகவேண்டும், எங்கள் மருந்து நல்ல மருந்து. மாறியது வேறு ஒன்று. வாடா மாப்ள என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் அவரைச் சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எழுந்து நின்று நாற்காலி போட்டார்கள். சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. டீ வந்தது, பிளாஸ்டிக் கப்பில். அப்போதுதான் அந்தக் கப்புகள் எங்கள் பஜாருக்கு வந்திருந்தன. அவர் வரும் நாளைப் பார்த்து வாங்கி வைத்தார்கள்.

அவரை ஆந்திராவுக்கு மாற்றுவதாகக் கம்பெனி கேட்டது, பதவி உயர்வோடு. வேண்டாம் என்று எழுதிவிட்டார். அங்கேயும் போய் யாராகவாவது ஆகவேண்டும், இனி முடியாது என்றார் என்னிடம்.

அடுத்த வருஷம் மும்பை அதிகாரி மறுபடி வந்தபோது, மொழிபெயர்க்க என்னையும் டூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போடிக் கடையில் டீலர் எழுந்து நின்று, "வாங்க சார், உக்காருங்க சார்" என்றார். பக்கத்து டீக்கடைக் கெட்டில் வந்தது. டீலர் தன் எவர்சில்வர் டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு, எங்கள் மூன்று பேருக்கும் பிளாஸ்டிக் கப்பை வைத்தார். அதிகாரிக்குப் புல்லரித்துவிட்டது. போன தடவை வந்தபோது இங்கே ஒரே உறவுமுறைக் கூச்சலாக இருந்தது, இப்போது எவ்வளவு தொழில்முறையான மரியாதை, என்ன சுகாதாரம் என்று இங்கிலீஷில் வியந்தார். அதை மொழிபெயர்க்கச் சொன்னார். டீலரின் முகத்தைப் பார்த்து வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். டீலர் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எங்கள் ஆபீசர் தன் தோல்பையைத் திறந்து ஒரு பித்தளை டம்ளரை எடுத்து மேஜைமேல் வைத்தார். விளிம்பு நசுங்கிய பழைய டம்ளர். "இதுல ஊத்துங்க. எங்கம்மாவோடது" என்றார்.

டீலர் அசையவில்லை. கடைக்கு மருந்து வாங்க வந்திருந்த சம்சாரிகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மும்பை ஆள் வேறு சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கெட்டிலை எடுத்து, முழ உயரத்திலிருந்து ஊற்றினார். டீ மேஜையெல்லாம் தெறித்தது. இவர் டம்ளரைக் கையில் எடுத்தார், மெதுவாக மேலே கொண்டுபோனார், கெட்டிலின் மூக்கில் டம்ளர் விளிம்பு முட்டும்வரைக்கும். அங்கேயே பிடித்துக்கொண்டார். டம்ளர் நிறைந்தது.

அதிகாரி என் பக்கம் சாய்ந்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். அது அவருடைய அம்மாவின் டம்ளர் என்றேன். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து கம்பத்திலும் பஜாரிலும் அதே டம்ளர்தான். சிலர் முழ உயரத்திலிருந்து ஊற்றினார்கள், சிலர் போகப்போகக் கையை இறக்கினார்கள். பஜார் டீலர் ஒருநாள் டம்ளரைத் தானே வாங்கி நிரப்பிக் கொடுத்தாராம். இவர் அதை என்னிடம் சொல்லும்போது சந்தோஷப்பட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

சில மாதம் கழித்து மும்பையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. நான்தான் அதைத் தமிழில் டைப் அடித்தேன். வளரும் சந்தைகளில் வாடிக்கையாளரோடு உணர்வுபூர்வமான பிணைப்பும் சுகாதாரமும் ஒருங்கே வளர, களப்பணியாளர் அனைவரும் இனித் தங்கள் சொந்த டம்ளரை எடுத்துச் செல்லவேண்டும். இந்தச் சிறந்த வழக்கம் தேனிக் கிளையில் கண்டறியப்பட்டது. கூடவே கம்பெனி முத்திரை பொறித்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒரு பெட்டி. ஆளுக்கொன்று கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் பெட்டியைப் பிரித்து அவர்முன் ஒன்றை வைத்தேன். டம்ளரின் அடியைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார், வெகுநேரம் சிரித்தார், கையெழுத்தைப் போட்டார்.

"எனக்கு வேணாம்மா. டீலருங்களுக்கு அனுப்பிடு. எனக்கு டீ குடுக்க அவங்ககிட்டதான் டம்ளர் இல்ல" என்றார்.